படிச்சாச்சு, வேலை இன்னும் ஆவல்ல: குமரி மாவட்டப் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்லூரி முடிந்து முதல் வேலை கிடைக்கும்வரை உள்ள காலத்துக்கு நம் ஊரில் ஒரே ஒரு பெயர்தான்: "சும்மா இருக்கா." அப்படிச் சும்மா இருப்பவர்கள் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள் இவை. கேள்விகளை அவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். ஒரு பதிலில் சொன்னதை மறுபடி சொல்லாமல், கேள்வி எண்ணைக் காட்டியிருக்கிறோம்.

1. கடைசி செமஸ்டர் பரீட்சை எழுதியாச்சு. இனி காலேஜ் பக்கம் போகவே வேண்டாம்லா?

குறைந்தது மூன்று முறையாவது போக வேண்டியிருக்கும். முதலில், நூலகம், ஆய்வகம், விடுதி எதிலும் பாக்கி இல்லை என்று நோ டியூஸ் படிவத்தில் கையெழுத்து வாங்க. அடுத்து, தேர்வு முடிவு வந்ததும் மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், கடைசி செமஸ்டர் மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றை வாங்க. சேரும்போது காஷன் டெபாசிட் கட்டியிருந்தால் அதையும் அன்றே கேளுங்கள், யாரும் கூப்பிட்டுத் தர மாட்டார்கள். மூன்றாவதாக, ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலும் தற்காலிகப் பட்டச் சான்றிதழும் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பிறகு. மாவட்டத்தின் கலை அறிவியல் கல்லூரிகளுக்கு அது அபிஷேகப்பட்டியிலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், பொறியியல் கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகம். பட்டமளிப்பு விழாவில் தரும் பட்டச் சான்றிதழ் வேறு. அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், தனிக் கடைசித் தேதி.

வாங்கியதை லேமினேட் செய்யாதீர்கள். பின்பக்கம் முத்திரையிடவோ குறிப்பு எழுதவோ வேண்டி வந்தால் முடியாது, பிரித்தால் மையும் சேர்ந்து உரியும். நம் மாவட்டத்தில் ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. ஈரச் சுவரை ஒட்டிய அலமாரியில் வைத்த காகிதம் ஒரே வருடத்தில் பூசணம் பூக்கும். பிளாஸ்டிக் உறைகள் உள்ள ஃபைலில் தனித்தனியாக வைத்து, செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டைக் கூடப் போட்டு வையுங்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரு பிரதியை மின்னஞ்சலிலும் வைத்திருங்கள். போனில் எடுத்த சாய்ந்த புகைப்படம் ஸ்கேன் ஆகாது.

2. டிகிரி சர்ட்டிபிகேட் வராம அப்ளை பண்ணலாமா? ஒரு அரியர் வேற கெடக்கு.

தனியார் வேலைக்குப் பெரும்பாலும் தற்காலிகப் பட்டச் சான்றிதழ் போதும். முடிவு வராத நிலையிலும் நேர்காணல் நடத்துவார்கள், சேரும் நாளில் கேட்பார்கள். டி.என்.பி.எஸ்.சி. அப்படியில்லை. அறிவிக்கை வெளியான தேதியில் கல்வித் தகுதி கையில் இருக்க வேண்டும். ஆனால் குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே தகுதி என்பதால் அரியர் அதற்குத் தடையில்லை.

அரியர் இருப்பதை விண்ணப்பத்தில் மறைத்தால், சரிபார்ப்பில் பிடிபட்டு, கிடைத்த வேலையும் போகும். "ஒரு பாடம் பாக்கி, இந்த மாதம் எழுதுகிறேன்" என்று தேதியோடு சொல்பவர்களுக்கு நேரம் கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு.

3. ஆதார்ல ஒரு பேரு, மார்க் ஷீட்ல ஒரு பேரு, பேன் கார்டுல வேற. எதை மாத்த?

இந்தப் பட்டியலிலேயே அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். நம் பக்கத்துப் பெயர்களும் ஒரு காரணம். அபிஷா, ஜெபிஷா, ஷைனி போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம், பதிபவர் தனக்குத் தோன்றியதை எழுதியிருப்பார். அதோடு இனிஷியல் குழப்பம். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் பின்னால், ஆதாரில் இனிஷியலே இல்லை, பேன் அட்டையில் அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயர் போல நிற்கும்.

விதி ஒன்றே: பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை அசையாத கல்லாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு இழுங்கள். முதலில் ஆதார், பிறகு பேன், பிறகு வங்கிக் கணக்கு. இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் மற்ற இரண்டும் ஆதாரைப் பார்த்தே பெயரை எடுக்கின்றன. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே முறை. அதனால் அவசரத்தில் ஒரு எழுத்தை மாற்றிவிட்டு, இனிஷியலை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். எழுத்து, இடைவெளி, இனிஷியல் எல்லாவற்றையும் ஒரே முறையில் முடியுங்கள்.

பேன் இதுவரை இல்லாதவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. வருமான வரித்துறை இணையதளத்தில் ஆதார் வழியாக இ-பேன் இலவசம். ஆதாரைத் திருத்திய பிறகு எடுத்தால் ஒரு திருத்தம் மிச்சம். பிழை மதிப்பெண் பட்டியலிலேயே இருந்தால் மட்டும் வழி நீளம். பள்ளி வழியாகத் தேர்வுத் துறைக்கு எழுத வேண்டும், அதற்கு மாதங்கள் பிடிக்கும். வேலை கிடைத்த பிறகு தொடங்கினால் தாமதமாகிவிடும்.

4. எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல பதிஞ்சா இப்பமும் பிரயோஜனம் உண்டா? இல்ல சும்மா சடங்கா?

பதிந்த அடுத்த மாதம் கடிதம் வரும் என்று காத்திருந்தால் அது சடங்குதான். ஆனாலும் பதியுங்கள். பத்து, பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே பதிந்திருப்பீர்கள், அதே பதிவில் பட்டத்தைச் சேர்க்க வேண்டும். புதிதாக இன்னொன்று பதிந்தால் பழைய மூப்பு வீண். இணையத்திலேயே செய்யலாம். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கத் தவறினால் மூப்பு போய்விடும், அந்த மாதத்தைப் போனில் நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள்.

வேலையில்லாதோர் உதவித்தொகை பற்றிக் கேட்பவர்களுக்கு: பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், மூன்று ஆண்டு வரை. பதிந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. பொறியியல் போன்ற தொழிற்பட்டங்களுக்குக் கிடையாது. எங்களைக் கேட்டால், நாகர்கோவில் கோணத்திலுள்ள வேலைவாய்ப்பு அலுவலகத்தின் உண்மையான பயன், போட்டித் தேர்வுகளுக்கு அங்கே நடத்தும் இலவசப் பயிற்சி வகுப்பு. அதைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

5. டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கதா, பிரைவேட்ல ஏறதா? வீட்டுல ஆளுக்கொண்ணு சொல்லுதாங்க.

வேலையில் இருந்துகொண்டே குரூப் 4 எழுதித் தேறியவர்கள் நிறைய. குரூப் 1, குரூப் 2 முதன்மைத் தேர்வுக்கு முழுநேரம் தேவைப்படும். அதனால் முதலில் ஒரு பழைய குரூப் 4 வினாத்தாளை மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள். 200 கேள்வி, 300 மதிப்பெண். பாதி தமிழ். தமிழ்ப் பகுதியில் 150க்கு 60 எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்கள் விழும் இடம் இது, பொது அறிவு அல்ல. தயாரிப்பே இல்லாமல் பாதிக்கு மேல் சரியாக வந்தால் ஒரு வருடம் ஒதுக்குவதில் அர்த்தம் உண்டு. மிகக் குறைவாக வந்தால் வேலைக்குப் போய்க்கொண்டே படியுங்கள். எப்படியானாலும் "கிடைக்கும்வரை" என்று தொடங்காதீர்கள். எத்தனை முறை எழுதுவது என்பதை முதலிலேயே எண்ணிக்கையாகச் சொல்லிவிடுங்கள். இரண்டு முறை என்பது எங்கள் கணக்கு.

டி.என்.பி.எஸ்.சி. இணையதளத்தில் ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், ஐந்து ஆண்டு செல்லும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு, ஆனால் முதல் வகுப்பிலிருந்து அந்தப் பதவிக்கு வேண்டிய தகுதிவரை முழுக்கத் தமிழ் வழியாக இருக்க வேண்டும். பள்ளி பன்னிரண்டு வருடம் தமிழில் படித்து, பி.எஸ்சி. ஆங்கில வழியென்றால், பட்டம் கேட்கும் பதவிக்கு ஆகாது, குரூப் 4க்கு ஆகும். தமிழ் வழியில் படித்ததற்கான சான்றை, படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியாக வாங்க வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வாங்கும் வாரத்திலேயே அந்த அலைச்சலையும் முடித்துவிடுங்கள்.

6. பேங்க், ரயில்வே பரீட்சைக்கு என் பி.சி. சர்ட்டிபிகேட் போதும்லா?

போதாது. மத்திய அரசு வேலைக்கு ஓ.பி.சி. சான்றிதழ் தனி, இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் இந்த 8 லட்சத்தில் சேராது, ஆனால் அவர்கள் அரசுப் பணியில் என்ன பதவியில் இருக்கிறார்கள் என்று தனியாகப் பார்ப்பார்கள்.

குலசேகரம், அருமனைப் பக்கம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: ரப்பர் தோட்ட வருமானத்துக்கு விவசாய விலக்கு கிடையாது. நெல்லும் வாழையும் கணக்கில் வராது, ரப்பர் வரும்.

7. இந்தக் காலத்துல டைப்ரைட்டிங் படிக்கது வீணா?

வீணில்லை. குரூப் 4 தட்டச்சர் பதவிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டும் வேண்டும், குறைந்தது ஒன்றாவது ஹையராக இருக்க வேண்டும். லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. தொழில்நுட்பக் கல்வித் துறை வருடத்தில் இரண்டு முறை தேர்வு நடத்துகிறது. தினம் ஒரு மணி நேரம் போனால் ஒரு நிலைக்கு ஏறக்குறைய ஆறு மாதம். காலையில் ஒரு மணி நேரம் வீட்டைவிட்டு வெளியேற நியாயமான காரணம் என்பது உபரி லாபம். கேள்வி 8ஐப் பாருங்கள்.

8. "சும்மாதானே இருக்கா"ன்னு வீட்டுல எல்லா வேலையும் என் தலையில கெட்டுதாங்க. என்ன செய்ய?

ரேஷன் கடை, கரண்ட் பில், பாட்டியை ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப் போவது, அண்ணன் பிள்ளையைப் பள்ளியில் விடுவது, விருந்தாளிக்குச் சாயா. ஒவ்வொன்றும் அரை மணி நேர வேலைதான். ஆனால் ஒரு நாளில் ஐந்து அரைமணிகள் சிதறி விழுந்தால் இடையில் எதையும் படிக்க முடியாது. கெடுப்பது வேலையின் அளவல்ல, நேரம் துண்டாவது. அதனால் "நான் செய்யமாட்டேன்" என்று சண்டைக்குப் போகாமல், எந்த வேலை என்னுடையது, எந்த நேரம் என்னுடையது என்று பேசுங்கள். காலை சமையலில் பாதி, மாலைப் பாத்திரம், சனிக்கிழமை ரேஷன் என்று ஏற்றுக்கொண்டு, 10 முதல் 1 வரை கூப்பிடக் கூடாது என்று கேளுங்கள். நாலு நாள் மீறுவார்கள். ஐந்தாம் நாளும் அதே நேரத்தில் உட்கார்ந்தால் பழகிவிடும்.

வீட்டில் நடக்காது என்றால் இடத்தை மாற்றுங்கள். நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் போட்டித் தேர்வுப் புத்தகங்கள் கிடைக்கும், உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் நாளிதழும் மேசையும் கிடைக்கும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமில்லை, ஆகவே போக்குவரத்துச் செலவு ஒரு சாக்கு ஆகாது. எக்ஸ்பிரஸிலும் வெளியூர்ப் பேருந்திலும் டிக்கெட் எடுக்க வேண்டும், போர்டைப் பார்த்து ஏறுங்கள்.

9. கையில காசே இல்ல. அப்பாகிட்ட ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் கேக்க ஒரு மாதிரி இருக்கு.

புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் படிப்போடு நின்றுவிடும், அந்தப் பள்ளம் பலருக்கு ஜூன் மாதம்தான் உறைக்கிறது. எளிதில் தொடங்கக்கூடியது டியூஷன். மாலை 5 முதல் 7 வரை, ஐந்தாறு பிள்ளைகள், கணக்கும் ஆங்கிலமும். பணத்தை மாதத் தொடக்கத்தில் வாங்குங்கள், கடைசியில் கேட்டால் "அடுத்த மாசம் சேத்துத் தாறேன்" என்பார்கள். சொந்தக்காரர் பிள்ளையானாலும் பாதிக் கட்டணமாவது வாங்குங்கள். இலவசமாகத் தொடங்கியதற்கு யாரும் பிறகு காசு தந்ததில்லை.

கல்விக்கடன் எடுத்தவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். படிப்பு முடிந்து பொதுவாக ஒரு வருடம்தான் தவணைக்கு விடுப்பு. அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் முதல் தவணைக்கு முன்பே கிளைக்குப் போய் எழுதிக் கொடுங்கள். தவணை தவறிய பிறகு போனால், கடனுக்கு ஒப்பமிட்ட அப்பாவின் கடன் மதிப்பெண்ணும் சேர்ந்து விழுந்திருக்கும்.

10. நாகர்கோவில்லயே வேலை பாத்தா சம்பளம் ரொம்பக் கம்மி. சென்னைக்குப் போறது லாபமா?

கையில் மிஞ்சுவதைப் பாருங்கள். எடுத்துக்காட்டுக்கு, சென்னையில் 21,000 கைக்கு வருகிறது. சாப்பாட்டோடு விடுதி 8,500, மதியச் சாப்பாடும் பயணமும் 3,000, ஊருக்கு வந்துபோவது மாதச் சராசரி 1,500, போனும் சில்லறையும் 800. மிச்சம் 7,200. நாகர்கோவிலில் 11,000, மதியம் வீட்டுச் சோறு, பஸ் இலவசம், சில்லறை 1,500. மிச்சம் 9,500.

ஆனால் இந்தக் கணக்கு முதல் வருடத்துக்கு மட்டும். இரண்டாம் வருடம் சென்னைச் சம்பளம் எங்கே போகும், இங்கே எங்கே நிற்கும் என்பது துறையைப் பொறுத்தது. மென்பொருள், வடிவமைப்பு, கணக்குத் தணிக்கை என்றால் நாகர்கோவிலில் உள்ள சிறு நிறுவனத்தில் ஒன்றரை வருடம் நன்றாகக் கற்றுக்கொண்டு நகர்வது மோசமான வழியல்ல. துணிக்கடை, நகைக்கடைக் கணக்கு மேசையில் "இப்போதைக்கு" என்று ஏறினால் இறங்குவது கஷ்டம். நிற்கும் நேரம் அதிகம், ஞாயிறும் விடுப்பில்லை, நேர்காணலுக்குப் போக ஒரு நாள் கிடைக்காது.

11. வீட்டுல இருந்தே தினமும் திருவனந்தபுரம் போய்ட்டு வரலாமா?

எங்கிருந்து என்பதே கேள்வி. களியக்காவிளை, மார்த்தாண்டம், குழித்துறைக்காரர்களுக்கு முடியும், மார்த்தாண்டத்திலிருந்து நகரம் 40 கிலோமீட்டர் சுற்றிலும்தான். நாகர்கோவிலிலிருந்து 65க்கு மேல். ஆனால் பலர் மறப்பது, மென்பொருள் நிறுவனங்கள் உள்ள டெக்னோபார்க் இருப்பது நகர மையத்தில் இல்லை, மையம் தாண்டி வடக்கே கழக்கூட்டத்தில். நாகர்கோவில்காரர் வீட்டிலிருந்து நிலையம், ரயில், அங்கிருந்து அலுவலகம் எல்லாம் கூட்டினால் போக மூன்று மணி, வர மூன்று மணி. மழைக்காலத்தில் அதுவும் நிச்சயமில்லை. மூன்று மாதத்தில் உடம்பு சொல்லிவிடும்.

ரயில் மாதச் சீசன் டிக்கெட்டே மலிவு. இரணியல், குழித்துறை, பாறசாலை எந்த நிலையமும் வசதி. முன்பதிவுப் பெட்டியில் அது செல்லாது, சூப்பர்ஃபாஸ்ட் வண்டிக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. நம் கட்டணமில்லாப் பயணம் எல்லையோடு முடியும், கேரளப் பேருந்தில் டிக்கெட்தான். மலையாளம் எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் நம் காதுக்கு அது பழக்கம், ஒரு மாதத்தில் வாயும் பழகும்.

12. சென்னையில நேர்காணல், நாலு நாள்ல வரச் சொல்லுதாங்க. ட்ரெயின் டிக்கெட்டே இல்ல.

முதலில், முதல் சுற்றைக் காணொளியில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். "நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறேன், ஓர் இரவுப் பயணம்" என்று சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். கேட்காதவர்கள்தான் அதிகம்.

போயே ஆக வேண்டுமென்றால், கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ், அனந்தபுரி எக்ஸ்பிரஸ் இரண்டிலும் பெண்கள் ஒதுக்கீட்டைப் பாருங்கள். தூங்கும் வகுப்பில் தனியாகப் பயணிக்கும் பெண்களுக்கு ஆறு படுக்கை உண்டு, பொது ஒதுக்கீட்டில் காத்திருப்புப் பட்டியல் ஓடும்போதும் இதில் இடம் இருக்கலாம். தட்கல், வண்டி புறப்படுவதற்கு முந்தைய நாள் குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணி, தூங்கும் வகுப்புக்கு 11 மணி. ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதார் சரிபார்ப்பு முடித்திருக்க வேண்டும், அதை 10.55க்கு செய்யப் பார்க்காதீர்கள். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது. எதுவும் அமையாவிட்டால் நாகர்கோவில் வடசேரியிலிருந்து அரசு விரைவுப் பேருந்து. காலை 10 மணி நேர்காணலுக்கு அன்று காலை போய் இறங்கும் வண்டியை நம்பாதீர்கள், முந்தைய நாளே போய்ச் சேருங்கள்.

13. ஹாஸ்டல் பாக்கும்போ என்ன கேக்கணும்?

வாடகையைக் கடைசியில் கேளுங்கள். முதலில் தண்ணீர்: காலை 7 மணிக்குக் குழாயில் வருகிறதா, எத்தனை பேருக்கு ஒரு குளியலறை. அடுத்து, கேட் மூடும் நேரம். மாலை ஷிப்ட் என்றால் இதிலேயே பாதி விடுதி கழிந்துவிடும். பிறகு முன்பணம் எவ்வளவு, காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், பராமரிப்பு என்று எவ்வளவு பிடிப்பார்கள். பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள், வாய்ச்சொல் முன்பணம் திருப்பும் நாளில் மாறும். இரவு உணவு நேரத்தில் போய், அங்கேயே இருக்கும் ஒரு பெண்ணிடம் தனியாகப் பேசுங்கள்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கான தமிழ்நாடு அரசின் தோழி விடுதிகள் தாம்பரம், கூடுவாஞ்சேரி, திருநெல்வேலி உள்ளிட்ட இடங்களில் உண்டு. இடம் இருக்கிறதா என்று இணையத்தில் முதலில் பாருங்கள்.

14. ஆஃபர் லெட்டர்ல வருஷம் 3 லட்சம்னு இருக்கு. மாசம் 25,000 வரும்தானே?

வராது. 25,000 என்பது நிறுவனத்துக்கு உங்களால் ஆகும் செலவு. அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது 12,500 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் கட்டும் வருங்கால வைப்பு நிதி 12 சதவீதம், 1,500. பணிக்கொடைக்கு ஒதுக்குவது சுமார் 600. இவை இரண்டும் போக மொத்தச் சம்பளம் 22,900. அதிலிருந்து உங்கள் பங்கு வைப்பு நிதி இன்னொரு 1,500. கைக்கு 21,400, அதிலும் தொழில்வரியும் மருத்துவக் காப்பீடும் பிடித்தால் 21,000 அருகே. மொத்தத்தில் 10 சதவீதம் "செயல்திறன் ஊதியம்" என்று இருந்தால் மாதத்துக்கு 2,500 இன்னும் குறையும். அது வருடக் கடைசியில் வரலாம், வராமலும் போகலாம்.

மொத்தச் சம்பளம் 21,000க்குள் இருந்தால் ஈ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் பிடிப்பார்கள். 18,000க்கு 135 ரூபாய். அதைக் குறை சொல்ல வேண்டாம், பெற்றோருக்கும் சிகிச்சை கிடைக்கும் வாய்ப்பு அதில் உண்டு. வைப்பு நிதி எண் வாழ்நாளுக்கு ஒன்றுதான், ஆதாரில் உள்ள பெயரில் உருவாகும். கேள்வி 3ஐத் தள்ளிப்போட்டவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

15. ஒரிஜினல் சர்ட்டிபிகேட்ட வாங்கி வச்சுக்கிடுவோம்ங்காங்க. குடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். அசலைக் காட்டுங்கள், அவர்கள் நகலோடு ஒப்பிடட்டும், அன்றே திரும்ப வாங்குங்கள். உங்கள் சான்றிதழை அடமானமாக வைக்கும் இடத்தில் இரண்டாம் மாதமே சம்பளத் தகராறு வந்தால் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. சிறு பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் இது வழக்கம் என்று சொல்வார்கள். வழக்கம் என்பதால் சரியாகிவிடாது.

விலக்கே இல்லாமல் கொடுத்தாக வேண்டிய நிலையென்றால், எந்தெந்தச் சான்றிதழ், வரிசை எண், பெற்ற தேதி, திருப்பித் தரும் தேதி எழுதி முத்திரையோடு ரசீது வாங்குங்கள். பாண்ட் எழுதச் சொன்னால் எத்தனை மாதம், விலகினால் எவ்வளவு என்ற இரண்டு வரியையும் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். வெறும் முத்திரைத்தாளில் கையெழுத்து ஒருபோதும் வேண்டாம்.

16. வேலை உறுதி, 3,000 ரூபாய் கட்டணும்னு வாட்ஸ்அப்ல வந்திருக்கு. உண்மையா இருக்குமோ?

இல்லை. வேலை கொடுப்பவர் சம்பளம் தருவார், வாங்க மாட்டார். பதிவுக் கட்டணம், லேப்டாப் முன்பணம், பயிற்சிக் கட்டணம் என்று பெயர் மாறும், வேலை ஒன்றுதான். யூடியூப் காணொளிக்கு லைக் போட்டால் காசு என்று தொடங்கி முதல் நாள் 150 ரூபாய் நிஜமாகவே அனுப்புவார்கள், அது தூண்டில் இரை. இதைவிட மோசம், "உங்கள் வங்கிக் கணக்கைப் பயன்படுத்தத் தாருங்கள், மாதம் 5,000" என்பது. அந்தக் கணக்கில் திருட்டுப் பணம் ஓடினால் வழக்கு உங்கள் பெயரில் வரும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு நேரத்தைக் கடத்தாமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள், முதல் சில மணி நேரத்தில்தான் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

வளைகுடாவுக்குப் போகும் செவிலியர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. குடிபெயர்வு அனுமதி (எமிக்ரேஷன் கிளியரன்ஸ்) தேவைப்படும் நாடுகளுக்கு அரசு அங்கீகரித்த முகமைகள் வழியாகத்தான் போக முடியும், தமிழ்நாட்டில் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் உண்டு. சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

17. பொண்ணு கேட்டு வாறாங்க. வேலை ஆவட்டும்னா "வேலை எப்பம் ஆவும்"னு கேக்காங்க.

"பிறகு பார்க்கலாம்" என்பது பதிலாக எடுபடாது, தேதி எடுபடும். "குரூப் 2 எழுதியிருக்கேன், முடிவு வரட்டும்" அல்லது "அடுத்த சித்திரை வரைக்கும் தேடுறேன்" என்று ஒரு முனை சொல்லுங்கள். அப்பாவிடம் நேராகச் சொல்லத் தயக்கமென்றால் அம்மாவிடம், அல்லது வேலை பார்க்கும் சித்தியோ மாமியோ இருந்தால் அவர் வழியாக. தரகரிடம் தரும் விவரத்தில் "வேலைக்குப் போக விருப்பம்" என்று எழுத வையுங்கள். அந்த ஒரு வரியே வேண்டாத இடங்களில் பாதியை வாசலுக்கு வெளியே நிறுத்தும்.

பேச்சு முடிவாகும் நிலையென்றால் எந்த ஊரில் வேலை, ஷிப்ட் உண்டா என்பதை மாப்பிள்ளை வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள். நிச்சயத்துக்குப் பிறகு சொன்னால் அது வாக்குவாதமாகும்.

18. ஒரு வருஷம் போயாச்சு. இடையில என்ன செய்தீங்கன்னு கேட்டா என்ன சொல்ல?

உண்மையை ஒரே வாக்கியத்தில், அளவோடு. "குரூப் 4 எழுதினேன், தமிழ் ஹையர் முடித்தேன், ஆறு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன்." சொல்லிவிட்டு நிறுத்துங்கள். விளக்கம் நீள நீளச் சந்தேகம் வளரும். வீட்டில் நோயாளியைப் பார்த்திருந்தால் அதையும் சொல்லலாம், அது குறைச்சலில்லை.

போலி அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒதுங்குங்கள். வைப்பு நிதிப் பதிவைப் பார்த்தாலே எங்கே எத்தனை மாதம் வேலை பார்த்தீர்கள் என்று தெரியும்.

19. சேர்ந்து ரெண்டு மாசம்தான் ஆச்சு. மேலதிகாரி ராத்திரி ராத்திரி மெசேஜ் அனுப்புதாரு. வேலைய விடவா?

விடுவதற்கு முன் செய்ய வேண்டியது: எதையும் அழிக்காதீர்கள். தேதி, நேரம் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள், அலுவலகக் கணக்கில் வைக்காதீர்கள். "அலுவலக விஷயத்தை அலுவலக நேரத்தில் பேசலாம் சார்" என்று ஒரு முறை எழுத்தில் பதில் போடுங்கள். அதுவே பின்னால் சாட்சி.

பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதைவிடச் சிறிய கடையோ அலுவலகமோ என்றால், அல்லது முதலாளியே ஆள் என்றால், மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம். புகாரைச் சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நிரந்தரப் பணியாளர் மட்டுமல்ல, பயிற்சியாளரும் தற்காலிகமாக வந்தவரும் கொடுக்கலாம். யாரிடம் கேட்பது என்றே தெரியாவிட்டால் பெண்கள் உதவி எண் 181. அதன் பிறகும் விடுவதென்று முடிவெடுத்தால், காரணத்தை ராஜினாமாக் கடிதத்திலேயே எழுதி, நகலை வைத்துக்கொண்டு, பணிவிடுவிப்புக் கடிதமும் அந்த இரண்டு மாதச் சம்பளமும் கேட்டு வாங்குங்கள்.